சட்டசபையில் முத்துலெட்சுமி ரெட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியை முதன்மையாகச் சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினராகவே மதிப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சபையில் இருந்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. அதுவும் நியமன உறுப்பினராக. ஔவை இல்லமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அல்லவா அவருடைய நிலைத்த பணிகள்?

– ஒரு வாசகர், புதுக்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

அவர் நியமன உறுப்பினர்தான். 1926 தேர்தலில் நின்ற விடுதலைப் போராட்டத் தலைவர் கமலாதேவி சட்டோபாத்யாயவே தோற்றுப்போன காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சபைக்கு வந்த முத்துலெட்சுமியை, 1927-இல் உறுப்பினர்கள் ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவருடைய சட்ட அறிவு வெளிப்பட்ட இடம், பலரும் பேசும் தேவதாசி ஒழிப்புத் தீர்மானம் அன்று. இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்து 1929-இல் நிறைவேறிய திருத்தமே. தேவதாசிக் குடும்பங்கள் பலவும் கோயில் ஊழியத்துக்கு ஈடாக விடப்பட்ட மானிய நிலங்களை நம்பி வாழ்ந்தன; ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும் என்ற நிலையில், மகளுக்குப் பொட்டுக் கட்டாமல், அதாவது அவளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடாமல், இருப்பது ஒரு தாய்க்குப் பட்டினியைத் தேர்ந்துகொள்வதாகவே இருந்தது. அத்திருத்தம் நிலத்தை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்தது. வழக்கத்தைத் தடை செய்வதற்கு முன்பு அதைத் தாங்கி நின்ற பொருளாதாரக் கட்டை அவிழ்க்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டதை மேடைப் பேச்சுகளைவிட மேலானதாகக் கருதுகிறேன். அதேவேளை, ஒழிப்பை எதிர்த்துத் தேவதாசிப் பெண்களே சங்கமாகத் திரண்டு விண்ணப்பம் கொடுத்தார்கள். தேவதாசி மரபில் பிறந்த தாய்க்கு மகளான அவர், அந்தக் குரலுக்கு இன்னும் பொறுமையாகச் செவிகொடுத்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

பதவிக்காலம் குறைவு என்று நீங்கள் சொல்வதில் ஓர் உண்மை உண்டு. 1930-இல் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்த அவர், அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார். தேசிய இயக்கத்தின் பார்வையில் அது பெருமைக்குரிய செயல். ஆனால் சபையில் அம்மசோதாவுக்காக வாதாட அவர் இல்லாமற்போனார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில், 1947-இல்தான் தடைச்சட்டம் வந்தது.

ஔவை இல்லத்தைச் சபைப் பணியிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஊழியத்திலிருந்து விலகி வரும் சிறுமிகள் எங்கே தங்குவார்கள், எங்கே படிப்பார்கள் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. தஞ்சம் தேடி வந்தவர்களுக்காக 1930-இல் அவர் அந்த இல்லத்தைத் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் 1954-இல் 12 படுக்கைகளுடன் திறந்த மருத்துவமனை, நீங்கள் சொல்வதுபோல், சபைப் பணியின் நேரடித் தொடர்ச்சி அன்று. எனினும் அதற்கு நிதி திரட்டியதும், அவரைச் சபைக்கு அனுப்பிய அதே மாதர் சங்கம்தான். தொகுதி என்று ஒன்று இல்லாத அந்த உறுப்பினருக்கு அச்சங்கமே தொகுதியாக இருந்தது.