சட்டம் கேளுங்க: வாய்ப்பேச்சு செல்லுமா?

கேள்வி: மாடியில ஒரு ரூம் எடுக்க மேஸ்திரிகிட்ட மெட்டீரியலோட சேர்த்து 3 லட்சம்னு வாயாலதான் பேசினோம். ஜீபேல 1,80,000 போட்டாச்சு. லிண்டல் மட்டத்தோட வேலை நிக்குது, போனும் எடுக்க மாட்டேங்கிறார். பத்திரமே எழுதல, போனது போனதுதான்னு வீட்டுக்காரர் சொல்றார். அப்படியா? - வாசகி, ஈரோடு

பதில்: வீட்டுக்காரர் அவசரப்படுறாருங்க. 1872ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இன்னைக்கும் நடப்புல இருக்கு, எல்லா ஒப்பந்தமும் எழுத்துல இருக்கணும்னு அது சொல்லவே இல்ல. ஒருத்தர் செய்றேன்னு சொல்லி இன்னொருத்தர் சரின்னு ஒத்துக்கணும், அதுக்கு ஈடா காசோ வேலையோ இருக்கணும், ரெண்டு பேரும் 18 வயசு முடிஞ்சு சுயபுத்தியோட, மிரட்டல் ஏமாத்து இல்லாம சம்மதிச்சிருக்கணும், விஷயமும் சட்டவிரோதமா இருக்கக்கூடாது, அவ்ளோதான். உங்க கேஸ்ல எல்லாமே இருக்கு.

சிக்கல் நிரூபிக்கிறதுல. பேசினது நாலரை லட்சம்னு மேஸ்திரி நாளைக்கு சொன்னா என்ன காட்டுவீங்க? பேப்பர் தேவைப்படுறது இதுக்குத்தான். இப்போதைக்கு ஜீபே என்ட்ரி, வாட்ஸப்ல "நாளைக்கு வந்துடுறேன்மா"ன்னு அவர் போட்ட வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிச்சிடாதீங்க, அந்த போனையும் வித்துடாதீங்க. கோவத்துல உடனே வேற ஆளை இறக்காதீங்க. முதல்ல போட்டோ எடுத்து, ஒரு இன்ஜினியரை வச்சு எவ்ளோ வேலை முடிஞ்சிருக்குன்னு எழுதி வாங்கிட்டு, இந்த தேதிக்குள்ள முடிங்கன்னு ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் அனுப்புங்க. அப்புறமும் வரலைன்னா வேற மேஸ்திரி வச்சு முடிச்சிட்டு, கூடுதலா ஆன செலவை 73வது பிரிவுல நஷ்டஈடா கேக்கலாம். அதுக்காக செவுத்தை வருஷக்கணக்கா மழையில விட்டுட்டு அந்த நஷ்டத்தையும் அவர் தலையில கட்டினா கோர்ட் ஒத்துக்காது. சிவில் கோர்ட்டுக்கு 3 வருஷம், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு 2 வருஷம் டைம்.

ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதலைன்னா செல்லாதுங்கிறதும் பாதி வதந்திதான். முத்திரைத்தாள் குறைங்கிறது அபராதத்தோட கட்டி சரிபண்ணக்கூடியதுன்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்ல 7 நீதிபதிங்க பெஞ்சே சொல்லிடுச்சு.

கேள்வி: வேலையை விட்டா 2 வருஷத்துக்கு போட்டி கம்பெனில சேரக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. மாட்டிக்குவேனா? - வாசகர், சென்னை

பதில்: அந்த ஷரத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 27வது பிரிவுப்படி செல்லாது, தாராளமா சேருங்க. ஆனா பழைய கம்பெனியோட ரகசிய டேட்டாவை தூக்கிட்டுப் போகாதீங்க. "இத்தனை வருஷத்துக்கு முன்னாடி விட்டா இவ்ளோ பணம் கட்டணும்"ங்கிற பாண்ட் வேற விஷயம், ஒரு அரசு வங்கி போட்ட 2 லட்ச ரூபா பாண்டை 2025ல சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொல்லிடுச்சு, அதனால உங்க பேப்பர்ல அப்படி ஏதாவது வரி இருக்கான்னு பாத்துட்டு ரிசைன் பண்ணுங்க.