“சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினீர்கள்” என்று க்ளெய்மை மறுக்க முடியுமா?

கேள்வி: வக்கீல் சார், வணக்கம். வண்டிப்பெரியாறில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். 2018 மாடல் டீசல் கார், 1248 சிசி, கேரளப் பதிவு, வங்கிக் கடன் இன்னும் பாக்கி. கம்பம் கிளையில் எடுத்த முழு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஐ.டி.வி. (பாலிசியில் காருக்குக் குறித்த மதிப்பு) 4,20,000 ரூபாய். கம்பத்தில் கடைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு திரும்பும்போது, லோயர் கேம்ப் தாண்டி ஏற்றத்தில் டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம்கட்டி அரை மணி நேரம் நின்று, தண்ணீர் ஊற்றினேன். விளக்கு அணைந்தது. கிளம்பி இரண்டு மூன்று வளைவு ஏறியதும் பானெட்டில் புகை, பிறகு தீ. நாங்கள் இறங்கிவிட்டோம், கார் முழுக்க எரிந்துவிட்டது. இப்போது கம்பெனி க்ளெய்மை மறுத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது. எச்சரிக்கை விளக்கைப் பார்த்தும் ஓட்டினேனாம். பனிமூட்டத்துக்காக நான் போட்ட கூடுதல் விளக்கும் அதிக வாட்ஸ் பல்பும் ஷார்ட் சர்க்யூட் ஆக்கினவாம். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பத்து நாள் முன்புதான் கம்பத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் ஹோஸ் மாற்றினேன். பணம் கிடைக்குமா? யார்மேல் வழக்குப் போடுவது? அடுத்த வண்டியில் இப்படி விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலில் பாலிசிப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். தனியார் கார் பாலிசியின் முதல் பகுதியில் கம்பெனி ஈடுகட்டும் ஆபத்துகளின் வரிசையில் முதலில் நிற்பதே தீ, வெடிப்பு, தானாகப் பற்றிக்கொள்ளுதல், மின்னல் ஆகியவைதான். அதற்குக் கீழே விலக்குகள்: தேய்மானம், இயந்திரக் கோளாறு, மின் கோளாறு. ஹெட் கேஸ்கட் போய் எஞ்சின் பிடித்து நின்றிருந்தால் ஒரு பைசா கிடைக்காது. தீப்பிடித்தால் அது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவது மறுப்புக் கடிதங்களின் பழைய வழக்கம்.

கம்பெனியின் கையில் இருக்கும் உண்மையான ஆயுதம் நான்காவது நிபந்தனை. வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும், நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும். விபத்தோ பழுதோ ஏற்பட்டபின் தேவையான ரிப்பேர் செய்யாமல் ஓட்டி அதனால் சேதம் கூடினால் அது உரிமையாளரின் பொறுப்பு என்பது அதன் சாரம். “விளக்கு எரிந்தது பழுது, ரிப்பேர் செய்யாமல் ஓட்டியது மீறல்” என்பார்கள். இதற்கான பதில் உங்கள் அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் விளக்கைப் பார்த்தீர்கள், நின்றீர்கள், ஆறவிட்டீர்கள், தண்ணீர் ஊற்றினீர்கள், விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினீர்கள். எரியும் விளக்கோடு ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு போயிருந்தால் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டேன்.

கம்பெனியின் எஞ்சினியர் சாட்சி சொல்ல வந்தால் ஒன்று சொல்வார்: கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மிகவும் குறைந்துவிட்டால் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்காது, நீராவியில் நிற்கும், அப்போது அது தவறான அளவைக் காட்டக்கூடும். ஆகவே விளக்கு அணைந்தது எஞ்சின் ஆறியதற்கு ஆதாரமல்ல என்பார். தொழில்நுட்பப்படி அது சரி. அதை மறுக்காதீர்கள், உங்களுக்கே அது சாதகம். நிபந்தனை கேட்பது நியாயமான நடவடிக்கையை. சென்சாரின் இந்தக் குணம் மளிகைக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த நுகர்வோர் ஆணையமும் எதிர்பார்க்காது. உற்பத்தியாளர் வைத்த விளக்கு அணைந்ததை நம்பி ஓட்டினார் என்பதே சாதாரண ஓட்டுநரின் நியாயம்.

தீயின் துல்லியமான காரணம் முக்கியமல்ல, பாலிசிதாரரே மூட்டியதாக இல்லாதவரை என்று 2023இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் முதித் ரோடுவேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கிடங்குத் தீ பாலிசி, கார் பாலிசி அல்ல. ஆனாலும் வாதத்தில் வைக்கலாம். விலக்கைச் சொல்லித் தப்பிக்க நினைப்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பதும் பழகிப்போன சட்டம். சர்வேயர் அறிக்கையே இறுதி வார்த்தை அல்ல என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

அடுத்து மின்விளக்கு. இதில் கொஞ்சம் கவலை உண்டு, ஒளிக்க வேண்டாம். 12 வோல்ட்டில் 55 வாட்ஸ் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கு ஒன்பதரைக்குள். 100 வாட்ஸ் போட்டால் ஒன்றுக்கு 8.3, இரண்டுக்கு 16.7 ஆம்பியர். கம்பெனி போட்ட ஒயரும் சுவிட்சும் அதற்கானவை அல்ல. ரிலே (பெரிய மின்னோட்டம் சுவிட்ச் வழியே போகாமல் தடுக்கும் கருவி) வைக்காமல் போட்டால் ஒயரின் மேலுறை உருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போட்டிருந்தால் இன்னும் மோசம். ஆனால் “கூடுதல் விளக்கு இருந்தது” என்பது மட்டும் போதாது, தீ அங்கேதான் தொடங்கியது என்று காட்ட வேண்டும். சர்வேயர் அந்த ஒயரை எடுத்துச் சோதித்தாரா? மின்பொறியால் உருகிய செம்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் மணிபோல் திரண்டிருக்கும். வெளித் தீயில் உருகியது நீளத்துக்கு வழிந்து மெலிந்திருக்கும். இதைப் பார்க்காமல் ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று எழுதினால் அது ஊகம்.

புகையின் நிறத்தை நினைவுபடுத்தி இன்றே எழுதி வையுங்கள். வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட். நீலம் கலந்து எண்ணெய் நாற்றம் என்றால் எஞ்சின் ஆயில். கறுத்து, மூக்கை அரிக்கும் பிளாஸ்டிக் வாடை என்றால் ஒயர். எந்தப் பக்கத்தில் முதலில் பெயின்ட் உப்பியது, பேட்டரிப் பக்கமா, டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (எஞ்சின் புகை வெளியேறும் சூடான குழாய்) இருக்கும் பக்கமா? ஏற்றத்தில் மேனிஃபோல்டு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசலோ சுமார் 210 டிகிரியிலேயே பொறி எதுவும் இல்லாமல் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஆவியாகிப் போனபின் மிஞ்சும் கூலன்ட் கிளைகோலும் எரியும். ஹோஸ் கழன்று, எஞ்சின் வெந்து, கசிந்த ஆயில் மேனிஃபோல்டில் விழுந்தது என்ற கதைக்கு உங்கள் பத்து நாள் முந்தைய ரிப்பேர் பொருந்துகிறது. பொருந்துவது மட்டும் ஆதாரமாகாது. ஹோஸ் கிளாம்ப் இரும்பு, தீயில் அழியாது. அது இறுகிய நிலையில் இருக்கிறதா, தளர்ந்து ஹோஸின் முனைக்கு வெளியே கிடக்கிறதா என்பது இந்த வழக்கின் போக்கையே மாற்றும்.

ஆகவே எரிந்த வண்டியை இப்போதைக்கு யாருக்கும் விற்காதீர்கள். யார்டு வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள். “வண்டி இன்ன இடத்தில் இருக்கிறது, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் மறுபடி பார்க்க வேண்டுமானால் பாருங்கள், அதன்பின் வாடகை உங்கள் பொறுப்பு” என்று கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். நீங்களும் தனியாக ஓர் உரிமம் பெற்ற சர்வேயரையோ ஆட்டோமொபைல் எஞ்சினியரையோ கூட்டிப்போய்ப் படத்தோடு அறிக்கை வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவுப்படி வண்டி அழிந்ததை 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் உடனே செய்யுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

தீ தமிழ்நாட்டுப் பக்கத்தில் நடந்ததால் கேரளாவில் விபத்துக்கு வாங்கும் ஜி.டி. என்ட்ரிக்கு (காவல் நிலைய நாட்குறிப்புப் பதிவு) இங்கே வேலையில்லை. எல்லையில் இருப்பவர்கள் இதில்தான் அலைகிறார்கள். சம்பவ இடத்துக்குரிய தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தின் சி.எஸ்.ஆர். ரசீதும் (புகாரைப் பதிந்ததற்கான சீட்டு), வந்து அணைத்த தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையும் வேண்டும். தீயணைப்பு அறிக்கையில் ‘உத்தேசக் காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஆங்கில வாக்குமூலத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் தாமதிக்காதீர்கள். “எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை, நடந்தது இதுதான்” என்று நேரத்தோடு, நின்ற இடத்தோடு, ஊற்றிய தண்ணீரின் அளவோடு தமிழில் எழுதி இப்போதே கம்பெனிக்கு அனுப்புங்கள். வழக்கு நடக்கும்போது முதல்முறையாகச் சொன்னால் வக்கீல் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். உள்ளதை மட்டும் எழுதுங்கள். வழியில் இருக்கும் கேமரா உங்களைவிட நன்றாகச் சாட்சி சொல்லும்.

நீங்கள் சாதாரணமாக எழுதிப்போன ஒரு வரி என்னை நிறுத்தியது: கடைச் சரக்கு. தனியார் கார் பாலிசியில் சொந்தச் சாமான், மாதிரிப் பொருள் தவிர வேறு சரக்கு ஏற்றுவது அனுமதிக்கப்பட்ட உபயோகம் அல்ல. நீங்கள் சொன்ன மறுப்புக் காரணங்களில் இது இல்லை. நல்லது. கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று 2019இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் கம்பெனி ‘திருத்திய மறுப்புக் கடிதம்’ ஏதாவது அனுப்பினால் உறையோடு பத்திரப்படுத்துங்கள், தேதி முக்கியம்.

தொகை எவ்வளவு? மீட்டு ரிப்பேர் செய்யும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்புதான். 1500 சிசி வரை கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், ஆக 4,19,000. நிபந்தனை மீறல் ஏதோ இருக்கிறது என்று ஆணையம் கருதினாலும், அமலேந்து சாஹு வழக்கு (2010) வழியில் 75 சதவீதம் வரை தரச் சொல்ல இடமுண்டு. அது சுமார் 3,15,000. கார் வங்கிக் கடனுக்கு ஈடாக (ஹைப்போதிகேஷன்) இருப்பதால் பணம் முதலில் வங்கிக்குப் போகும். தீர்ப்பு வரும்வரை தவணையை நிறுத்த இது காரணமாகாது, வங்கி காத்திருக்காது.

எங்கே போவது? முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால், மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிப்பவர்). நீங்கள் கேரளவாசி என்பதால் கொச்சி, கிளை கம்பத்தில் என்பதால் சென்னை, இரண்டும் செல்லும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் அங்கே ஒர்க்‌ஷாப்பைச் சேர்க்க முடியாது, நிபுணர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் வழியில்லை. உங்கள் வழக்கு முழுக்கத் தீயின் காரணத்தைப் பற்றியது. அதனால் நுகர்வோர் ஆணையமே என் தேர்வு.

2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடுக்கியில் போடலாம், தீ நடந்த, பாலிசி எடுத்த தேனியிலும் போடலாம். தேனிக்குப் போங்கள். சி.எஸ்.ஆர்., தீயணைப்பு அறிக்கை, உங்கள் கடிதம் எல்லாம் தமிழ். இடுக்கியில் ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். சாட்சிகளும் ஒர்க்‌ஷாப்பும் அந்தப் பக்கம்தான். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இங்கே பார்ப்பது கட்டிய பிரீமியத்தை, ஐ.டி.வி.யை அல்ல. காலவரம்பு இரண்டு ஆண்டு. கம்பெனியோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அது நீளாது.

ஒர்க்‌ஷாப்பை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம், சேவைக் குறைபாடு என்று. பில் இல்லையென்றால் பணம் அனுப்பிய போன் பதிவு, மெக்கானிக்குக்கு அனுப்பிய வாட்ஸ்அப் எதுவானாலும் எடுத்து வையுங்கள். அவர் ஐயாயிரம் பத்தாயிரம் தருகிறேன், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக்கொடுங்கள் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கொடுத்தபின் ஒர்க்‌ஷாப்பிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிறது. அதை நீங்கள் கெடுத்தால் உங்கள் க்ளெய்மே கெடும். அப்படியே, 17 எழுத்து சேசிஸ் எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் போட்டு ரிகால் (பழுதுக்காக உற்பத்தியாளர் வண்டிகளைத் திரும்ப அழைப்பது) உண்டா என்று ஒருமுறை பாருங்கள்.

இனி அடுத்த வண்டி. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும். டெம்பரேச்சர் விளக்கு எரிந்து நிற்க இடமில்லாத வளைவு என்றால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழு அளவில், மின்விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வரும். முதல் அகலமான இடத்தில் நிறுத்தி அணையுங்கள். ரேடியேட்டர் மூடி உள்ளே சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். ஊற்றியபின் ஐந்து நிமிடம் நின்று கீழே குனிந்து பாருங்கள். மட்டம் இறங்கினாலோ சொட்டினாலோ ஸ்டார்ட் செய்யவே கூடாது, டோ வண்டிதான். ஊற்றும் முன்பும் பின்பும் விளக்கையும் மட்டத்தையும் போனில் படமெடுத்தால் நான்காவது நிபந்தனைக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

புகை வந்தால் சாவியை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க நேரமிருந்தால் வைத்து, எல்லோரும் சாலையின் மேல்பக்கமாகப் போங்கள். எரியும் டீசல் இறக்கத்தில் ஓடும், பிரேக் தளர்ந்தால் வண்டியும் உருளும். முப்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். பானெட்டைத் தூக்கக் கூடாது. காற்று உள்ளே போனால் தீ எழும்பும். உள்ளிருக்கும் நெம்புகோலை மட்டும் இழுத்துவிட்டு அந்த இடுக்கின் வழியே தீயணைப்பான் சிலிண்டரின் ஏபிசி பவுடரை அடியுங்கள். ஒரு கிலோ சிலிண்டர் பத்து வினாடியில் தீர்ந்துவிடும், அதோடு விலகுங்கள். 112க்குப் பேசும்போது குமுளிக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பனி விளக்கு மறுபடி போடுவதானால் ரிலேயும் தனி ஃபியூஸும் வைத்து, பில் வாங்கி, பாலிசியில் மின் உபகரணமாக எழுதச் சொல்லுங்கள். பழைய மோட்டார் டாரிஃப் (கட்டண அட்டவணை) கணக்கில் அதற்குக் கூடுதல் பிரீமியம் மதிப்பில் 4 சதவீதம், 5,000 ரூபாய் விளக்குக்கு 200 ரூபாய்.