சம்பளம் எங்கிருந்து வருகிறது? லிபியா பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐ.நா.வைக் கேட்காமலே அமெரிக்கா லிபியாவுக்குள் நுழைந்தது. இந்தியா ஏன் வாய் திறக்கவில்லை?

ஈராக்கையும் லிபியாவையும் போட்டுக் குழப்புகிறீர்கள். எழுதும் முன் ஆண்டையாவது சரிபாருங்கள். அனுமதி இல்லாமல் நடந்தது 2003 ஈராக் போர். லிபியா விஷயத்தில் 2011 மார்ச் 17 அன்று பாதுகாப்பு சபையில் 1973-ஆம் எண் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை. இந்தியா உட்பட 5 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. பொதுமக்களைக் காக்க மட்டுமே அனுமதி. ஆனால் அமெரிக்காவும் அடங்கிய நேட்டோ ராணுவக் கூட்டணி ஏழு மாதம் குண்டு போட்டது. லிபியாவை ஆண்ட கடாபி சிர்த்தே நகரில் பிடிபட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நிறுத்தியது.

கேள்வி: இப்போது அங்கே பிரதமர் யார்?

இரண்டு பேர். தலைநகர் திரிப்போலியில் அப்துல் ஹமீத் துபைபா, ஐ.நா. அங்கீகரிப்பது இவரை. கிழக்கே ஒசாமா ஹம்மாத்; ஆனால் அங்கே அதிகாரம் தளபதி கலீஃபா ஹஃப்தார் குடும்பத்தின் கையில்.

கேள்வி: ஆயுதக் குழுக்களின் துப்பாக்கிகளைப் பறித்துவிட்டால் பிரச்சினை தீராதா?

யார் பறிப்பது? இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அரசு ஒரு பக்கம், குழுக்கள் மறுபக்கம் என்று நினைத்துத்தான் கேட்கிறீர்கள். லிபியாவில் அந்தக் கோடே கிடையாது.

கடாபிக்கு எதிராக நிஜமாகச் சண்டை போட்டவர்கள் சில பத்தாயிரம் பேர். போராளிகளுக்குப் பணம் உண்டு என்று இடைக்கால அரசு அறிவித்ததும், பதிவேட்டில் ஏறிய பெயர்கள் 2 லட்சத்தைத் தாண்டின. எண்ணெய் விற்ற பணம் திரிப்போலி மத்திய வங்கிக்கு வரும். அங்கிருந்து சம்பளமாகக் குழுக்களுக்குப் போகும். சீருடை, முத்திரை, பெயர்ப்பலகை எல்லாமே அரசுடையது.

2013 அக்டோபரில் ஒரு நாள் விடியும் முன்னே பிரதமர் அலி ஸெய்தானை ஹோட்டல் அறையிலிருந்து இழுத்துப் போனார்கள். சில மணி நேரம் கழித்து விட்டார்கள். இழுத்துப் போனது அரசோடு இணைந்த குழு! 2025 மே மாதம் திரிப்போலியில் சுட்டுக் கொல்லப்பட்ட அப்துல் கனி அல்-கிக்லியும் அரசு ஆணையால் உருவான ஒரு பாதுகாப்புப் படையின் தலைவர். அவர் கொல்லப்பட்டது இன்னொரு அரசுப் படையின் முகாமில்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். ஐ.நா. தூதர்கள் ஏறக்குறைய பத்துப் பேர் மாறிவிட்டார்கள். பேச்சுவார்த்தை எப்போதும் எந்தப் பதவி யாருக்கு என்பதில்தான் தொடங்குகிறது. எந்த உடன்பாட்டைப் படித்தாலும், சம்பளம் எங்கிருந்து வருகிறது, அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று முதலில் தேடுங்கள்.

கேள்வி: தேர்தல் வைத்தால் சரியாகிவிடுமே?

2012-ல் வைத்தார்கள், மக்கள் உற்சாகமாக வரிசையில் நின்றார்கள். 2014-ல் வாக்களித்தவர்கள் 6 லட்சத்துச் சொச்சம்தான். தோற்றவர்கள் முடிவை ஏற்கவில்லை, நாடு இரண்டானது. 2021 டிசம்பர் 24 தேர்தல் நடக்கவேயில்லை.

கேள்வி: 2020-ல் சமாதானம் கையெழுத்தானதாகப் படித்தேன். பிறகும் ஏன் சண்டை?

கையெழுத்தானது போர்நிறுத்தம். போர்நிறுத்தம் வேறு, சமாதானம் வேறு என்று எத்தனை முறை எழுதுவது? அந்நியப் போராளிகள் 90 நாளில் வெளியேற வேண்டும் என்று கிழக்கு, மேற்கு இரு தரப்பும் ஜெனீவாவில் ஒப்புக்கொண்டன. ரஷ்யர்களும் துருக்கியர்களும் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். ஆனாலும் ஹஃப்தார் திரிப்போலியைத் தாக்கிய 2019 போல முழுப் போர் திரும்பவில்லை. அது சின்ன விஷயமல்ல.

கேள்வி: கடாபியே இருந்திருக்கலாம் என்கிறேன். சரிதானே?

1996-ல் அபு சலீம் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களின் வழக்கறிஞரைக் கைது செய்ததில்தான் 2011-ல் கிழக்கு நகரமான பெங்காசியில் கடாபிக்கு எதிரான கிளர்ச்சியே தொடங்கியது. கட்சி இல்லை, நிமிர்ந்து நிற்கும் ராணுவம் இல்லை; அவருக்குப் பின் நாட்டைத் தாங்க எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

கேள்வி: டெர்னா வெள்ளம் இயற்கைப் பேரிடர். அதிலும் ஏன் அரசியல் பார்க்கிறீர்கள்?

மழை இயற்கை. அணைகள் மனிதன் கட்டியவை. கிழக்கு நகரமான டெர்னாவுக்கு மேலே இருந்த இரண்டு அணைகளையும் பழுது பார்க்கும் வேலை 2011-ல் நின்றது, பிறகு யாரும் தொடரவில்லை. 2023 செப்டம்பரில் ஒரே இரவில் இரண்டும் உடைந்து ஆயிரக்கணக்கானோர் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அடுத்த ஆண்டு 12 அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஊரைத் திரும்பக் கட்டும் நிதி இப்போது ஹஃப்தாரின் மகன் ஒருவரின் பொறுப்பில் இருக்கிறது.