ஒவ்வொரு வருஷமும் ஒரு புது மொழி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

போன மாதம் அமெரிக்கன் ஃபுட்பால் நட்சத்திரம் பேட்ரிக் மஹோம்ஸ் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் டாலஸ் பக்கம் இருக்கிறேன், வந்து பதினேழு வருடம் ஆகிறது. என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், பள்ளியின் ஜூனியர் வார்சிட்டி (இரண்டாம் நிலை) ஃபுட்பால் அணியில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். போன சீசனில் அவன்தான் முதல் ஆள். இந்த வருடம் புது கோச் வந்தார், வந்தவுடனே இன்னொரு பையனை இறக்கி இவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். டீமில் கல்ச்சரே சரியில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறோம். வீடு மாற வேண்டியிருக்கும், அதற்கும் தயார்.

இன்னொன்று. ஒரு அணியை உருவாக்குவது கோச்சா, குவார்ட்டர்பேக்கா? குவார்ட்டர்பேக் டாம் பிராடி அணியை விட்டுப் போன பிறகு கோச் பில் பெலிசிக்கால் ஒன்றும் ஜெயிக்க முடியவில்லையே, ஆகவே எல்லாம் பிராடிதான் என்று நான் சொல்கிறேன், நண்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அப்புறம், எல்லாக் காலத்துக்கும் பெரியவர் பிராடியா, மஹோம்ஸா? பதிலைத் தளத்தில் போடலாம். பெயர் மட்டும் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

கடைசியில் கேட்டதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பிராடியா மஹோம்ஸா என்பது டீக்கடைப் பேச்சு, அதற்கு நான் வரவில்லை. பிராடியா பெலிசிக்கா என்பதும் கிட்டத்தட்ட அதே பேச்சுதான். ஆறு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) சேர்ந்து ஜெயித்த இரண்டு பேரைப் பிரித்து எடை போட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது? பிராடி பிறகு டாம்பா பே அணிக்குப் போய் ஏழாவதையும் ஜெயித்தார், சரி. ஆனால் 2000-த்தில், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 199-வது ஆளாக எடுக்கப்பட்டு, அந்த சீசன் முழுக்க மூன்றே மூன்று பந்து எறிந்த பையனை நான்காவது குவார்ட்டர்பேக்காக அணியில் வைத்துக்கொண்டது பெலிசிக்தானே. இதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'உட்கார வைத்துவிட்டார்' என்று நீங்கள் எழுதிய விதம். ஏதோ வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பெரிய குவார்ட்டர்பேக்குகளைப் பாருங்கள். ஜோ மொன்டானா ஸ்டீவ் டிபெர்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று வருடம் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நீங்கள் கொண்டாடும் மஹோம்ஸ் 2017 முழுக்க உட்கார்ந்திருந்து கடைசி ஆட்டத்தில் மட்டும் இறங்கினார். அவர் யாருக்குப் பின்னால் உட்கார்ந்தார் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அலெக்ஸ் ஸ்மித். சில வாரங்களாக அந்த மனிதரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கோச் அதில் சொல்வார். ஆட்டத்தைத் தொடங்கக் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்தக் குரல் தானாக அறுந்துவிடும். அதற்குப் பிறகு அவன் தனி ஆள். எதிரே நிற்கிற பதினோரு பேரின் நிற்பைப் படித்து, தன் ஆட்கள் எங்கே ஓடுவார்கள் என்று மனதில் ஓட்டி, பந்து கைக்கு வந்ததும் இரண்டு மூன்று விநாடிக்குள் எறிய வேண்டும். யோசித்து எறிய நேரம் கிடையாது. கால் எத்தனை அடி பின்வாங்குகிறதோ, அந்தக் கடைசி அடி ஊன்றும்போது பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். தாய்மொழியில் பேசுகிறவன் வினைச்சொல்லைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டான் இல்லையா, அப்படி.

அலெக்ஸ் ஸ்மித்தை 2005-இல் சான் பிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணி அந்த வருட டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுத்தது. அவருக்கு வயது 20. முதல் சீசனில் ஒரே ஒரு டச் டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தந்த எறி), 11 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறி). பையன் தேறமாட்டான் என்று அப்போதே எழுதிவிட்டார்கள். ஆனால் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த உதவிப் பயிற்சியாளர்களின் பட்டியலைப் பாருங்கள்: மைக் மெக்கார்த்தி, நார்வ் டர்னர், ஜிம் ஹாஸ்ட்லர், மைக் மார்ட்ஸ், ஜிம்மி ரே, மைக் ஜான்சன், கிரெக் ரோமன். ஏழு வருடத்தில் ஏழு பேர். ஒரு கோச்சின் மரபில் ஆட்டங்களுக்கு வார்த்தைகளால் பெயர் வைப்பார்கள், இன்னொருவர் மரபில் யார் எந்தப் பாதையில் ஓட வேண்டும் என்பதை மூன்று இலக்க எண்ணாகச் சொல்வார்கள். அதே ஓட்டம்தான், அதே எறிதான், ஆனால் நேற்று வரை ஒரு பெயர், இன்றைக்கு வேறு பெயர், கால் அடி வேறு. நடுவில் தோள்பட்டை காயம், 2008 முழுக்க ஆடவே முடியவில்லை.

இதில் என்னால் தாண்டிப் போகவே முடியாத ஒன்று இருக்கிறது. அந்த முதல் வருடத்தில் ஸ்மித்துக்குச் சொல்லிக்கொடுத்த மெக்கார்த்தி 2006-இல் கிரீன் பேக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அங்கே பெஞ்சில் இருந்தவர் யார்? ராட்ஜர்ஸ். 2005-இல் 49-யர்ஸ் வேண்டாம் என்று விட்டு, 24-வதாகப் போன அதே ராட்ஜர்ஸ். அவர் இரண்டு வருடம் மெக்கார்த்தியின் மொழியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார், 2008-இல் இறங்கினார், 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தார். இருவருக்கும் திறமையில் வித்தியாசம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு ஒரே குரல், இன்னொருவருக்கு ஏழு.

உட்கார்ந்தால்தான் தேறுவான் என்றும் நான் சொல்லவில்லை, அதையும் தப்பாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பெய்டன் மேனிங் என்ற குவார்ட்டர்பேக் முதல் நாளே இறங்கினார். 1998-இல் 28 இன்டர்செப்ஷன், அணி 16 ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்தது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த டாம் மூரை யாராவது வீட்டுக்கு அனுப்பினார்களா? இல்லை. அடுத்த வருடம் அதே மூர், அதே மேனிங், 13 வெற்றி. அதற்குப் பிறகும் மூர் பல வருடம் அவர் பக்கத்திலேயே இருந்தார். உட்கார வைப்பதா இறக்கிவிடுவதா என்பது சின்ன விஷயம் தம்பி. அடுத்த வருடமும் அந்தப் பையன் காதில் அதே குரல் கேட்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீங்களோ இருக்கிற குரலையும் மாற்ற வீடு தேடுகிறீர்கள். டெக்சாஸில் விளையாட்டுக்காகவே பள்ளி மாறினால் ஒரு வருடம் வார்சிட்டியில் (பள்ளியின் முதல் அணியில்) ஆட விடமாட்டார்கள், அதையாவது விசாரித்தீர்களா?

கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் வந்தது என்று சொல்கிறேன்.

2010 மார்ச்சில் ஒரு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் வேலையைக் கற்றுக்கொண்டு வரச் சென்னையிலிருந்து என்னை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். ஒன்பது மாதம் கே.டி., அதாவது அங்கே இருப்பவர்களிடமிருந்து வேலையைக் கற்று வாங்கிக்கொள்வது. டிசம்பரில் அங்கே இருந்த எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலை சென்னைக்குப் போய்விடும். எட்டுப் பேருக்கும் அது தெரியும். பெரும்பாலானவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்கள், அவர்கள் மேல் எனக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை. எனக்கு வாய்த்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் எனக்காக ஒரு நோட்டுப் புத்தகம் எழுதினார், பென்சிலில். எந்த மாதக் கடைசியில் எந்த ஜாப் (கணினி ஓட்டும் வேலை) அபெண்ட் ஆகும், அதாவது பாதியில் நின்றுபோகும், அப்படி நின்றால் முதலில் எந்த ஃபைலைப் பார்க்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்பலாம், யாரை எழுப்பவே கூடாது. எந்த ஆவணத்திலும் இல்லாத விஷயங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து எனக்கு விளக்குவார்.

அவர் 49-யர்ஸ் பைத்தியம். பழைய கோச் பில் வால்ஷ் காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருந்தார். அக்டோபர் 10, ஞாயிறு இரவு, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸோடு ஆட்டம், அவர் மனைவிக்கு வர முடியாததால் என்னைக் கேண்டில்ஸ்டிக் பார்க்குக் கூட்டிப்போனார். அணி நான்கு ஆட்டமும் தோற்றிருந்தது. ஜிம்மி ரேயை அனுப்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, ஆறாவது குரலாக மைக் ஜான்சன் வந்திருந்தார். ஸ்மித் பந்தை நழுவவிட, அதை எடுத்து எதிரணி டச் டவுன் போட்டது. அரங்கம் முழுக்க எழுந்து 'எங்களுக்குக் கார் வேண்டும்' என்று கத்த ஆரம்பித்தது, கார் என்பது மாற்று ஆளாக இருந்த டேவிட் கார். தலைமைப் பயிற்சியாளர் சிங்கிள்டரியும் ஸ்மித்தும் எல்லோர் முன்னாலும் வாக்குவாதம் செய்தார்கள். நானும் எழுந்து நின்று கத்தினேன். கார் யாரென்றே எனக்குத் தெரியாது. பக்கத்தில் அவர் உட்கார்ந்தே இருந்தார். ஸ்மித்தை வெளியே எடுக்கவில்லை, அவர் தொடர்ந்து ஆடி அணியை மேலே கொண்டுவந்தார், கடைசியில் 24-க்கு 27 என்று தோற்றார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் குளிர் காற்றில் நடக்கும்போது அவர் சொன்னார், "அந்தப் பையனுக்கு வருஷத்துக்கு ஒரு புது மொழியைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஏன் திக்குகிறாய் என்று கேட்கிறோம்." என்னைத் திட்டவில்லை. அடுத்த நாள் மதியம் வழக்கம்போல நோட்டைத் திறந்தார். டிசம்பரில் கடைசி நாள் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், எனக்கு ஏன் இவ்வளவு சொல்லிக்கொடுத்தீர்கள் என்று. "திங்கட்கிழமை ராத்திரியும் ஜாப் ஓட வேண்டுமே" என்றார்.

அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்ற ஈகிள்ஸ் கோச்சின் பெயர் ஆண்டி ரீட். 2013-இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்குப் போனதும் அவர் வரவழைத்த குவார்ட்டர்பேக் ஸ்மித்தான். முந்தைய வருடம் இரண்டே வெற்றி பெற்ற அணி அந்த வருடம் 11 ஜெயித்தது. ஐந்து வருடம் ஒரே மொழி. அப்படியிருக்க 2017-இல் டிராஃப்ட் வரிசையில் 27-வது இடத்திலிருந்து 10-வது இடத்துக்கு விலை கொடுத்து ஏறி சீஃப்ஸ் மஹோம்ஸை எடுத்தார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று ஸ்மித்துக்குத் தெரியாதா? அந்த வருடம்தான் அவர் வாழ்க்கையிலேயே சிறந்த வருடம், பாஸர் ரேட்டிங்கில் (எறிதலுக்கான மதிப்பெண்) லீக்கிலேயே முதல், 26 டச் டவுன், ஐந்தே இன்டர்செப்ஷன். அதை ஆடிக்கொண்டேதான் தன் இடத்துக்கு வந்த பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வாரத்தை எப்படித் தயார் செய்வது என்று காட்டினார். இதை நான் சொல்லவில்லை, மஹோம்ஸே பலமுறை வெளிப்படையாகச் சொல்லி நன்றி கூறியிருக்கிறார். சீசன் முடிந்ததும் ஸ்மித்தை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் மஹோம்ஸ் 50 டச் டவுன்.

நீங்கள் கல்ச்சர் என்று எழுதினீர்களே, நான் அந்த வார்த்தைக்கு இதைத்தான் அர்த்தமாக வைத்திருக்கிறேன். லாக்கர் ரூம் சுவரில் எழுதிய வாசகமோ ஜெயித்த பிறகு போடும் ஆட்டமோ அல்ல. வால்ஷ் 1979-இல் 49-யர்ஸுக்கு வந்தபோது வரவேற்பறையில் போன் எடுக்கிறவர் எப்படிப் பேச வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தார். அந்த வருடம் 14 தோல்வி, மறு வருடம் 10 தோல்வி. யாரும் அவரை அனுப்பவில்லை. மொன்டானாவை எதிரணியின் எல்லைக்கோடு பக்கத்தில் இருக்கும்போது மட்டும், வெற்றி சுலபமாகத் தெரிகிற நேரத்தில் மட்டும் என்று துளித்துளியாக இறக்கினார். மூன்றாவது சீசனில் கோப்பை. அதே ஊர், அதே அணி, அதே அரங்கம், இருபத்தைந்து வருடம் கழித்து ஸ்மித்தை என்ன செய்தது என்று பார்த்தீர்களே. சட்டையின் நிறம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

2018 நவம்பரில் ஸ்மித்தின் வலது கால் முறிந்தது, தொற்று ஏறியது, 17 அறுவை சிகிச்சை. காலையே எடுத்துவிடுவார்களோ என்றிருந்தது. 2020 அக்டோபர் 11 அன்று மறுபடி களத்தில் இறங்கினார். அன்று என் போனுக்கு அந்தப் பெரியவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது, வெறும் '11' என்று, வேறு ஒரு எழுத்தும் இல்லை. ஸ்மித்தின் சட்டை எண். கேண்டில்ஸ்டிக்குக்குச் சரியாகப் பத்து வருடம் ஒரு நாள் கழித்து. நான் கத்தியதை அவர் மறந்திருக்க மாட்டார்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியை மாற்றாதீர்கள். புது கோச்சை அவன் போய்ப் பார்க்கட்டும், நீங்கள் போகாதீர்கள், தன்னிடம் என்ன குறை என்று அவனே கேட்கட்டும். பதினைந்து வயதில் பெஞ்சில் இருப்பது வலிக்கும், நிஜமாகவே வலிக்கும், அதை அவனிடம் சின்ன விஷயம் என்று சொல்லிவிடாதீர்கள். இரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து பிளேபுக்கை (ஆட்டங்கள் எழுதிய புத்தகத்தை) வாங்கி நீங்கள் வாசியுங்கள், அவன் சொல்லட்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். அதில் அந்த இன்னொரு பையனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவன் எப்படி எறிகிறான், மகனோடு பேசுகிறானா, போன வருடம் உங்கள் மகன் ஆடியபோது அவன் எங்கே உட்கார்ந்திருந்தான்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.