பிளஸ் டூ பையன் கையில் பாட்டிலா?

கேள்வி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். முந்தின நாள் ராத்திரி மாப்பிள்ளையின் நண்பர்கள் இருபது பேரைக் ‘கவனிக்க’ வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்பு வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சரக்கு காரைக்காலில் சல்லிசு. பிளஸ் டூ படிக்கும் என் மகனே ஸ்கூட்டியில் இரண்டு நடை போய் எடுத்து வந்து, ஊற்றிக் கொடுத்து, முடிந்ததும் எல்லோரையும் லாட்ஜில் கொண்டுவிட்டுவிடுவான் (நல்ல பையன், தொடமாட்டான்). ஏதாவது வம்பு வந்தால் என் தலையில் விழுமா?
— பெயர் வேண்டாம், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: விழும். குடிக்கப்போகிற இருபது பேரை நினைத்துப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுத் தாண்டிப்போன பையனைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

அவனுக்கு 18 நிறையவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். மதுவைச் சுமக்கவோ கொடுக்கவோ ஒரு சிறுவரைப் பயன்படுத்தினால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறார் நீதிச் சட்டம் 2015, 78-வது பிரிவு. பெற்ற அப்பாவுக்கு அதில் விலக்கு கிடையாது. நடுராத்திரியில் எவனாவது ‘நீயும் ஒரு வாய் போடு மச்சான்’ என்று கிளாஸை நீட்டினால், நீட்டியவன்மேல் 77-வது பிரிவு பாயும், தண்டனை அதேதான்.

காரைக்கால் யோசனை இன்னும் மோசம். புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது நம் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வாஞ்சூரிலும் நண்டலாற்றிலும் சோதனைச் சாவடி எதற்கு இருக்கிறது என்று உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிடித்தால் வண்டி போகும். பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் பையன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிற்பான். லைசென்ஸ் இல்லாத அவன் ஸ்கூட்டி ஓட்டுவதற்கே மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் உங்களுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பாட்டிலுக்கு நூறு, இருநூறு மிச்சம் பிடிக்க இவ்வளவுமா?

‘நல்ல பையன்’ என்கிறீர்கள். நம்புகிறேன், எரிச்சலும் அதனால்தான். குடிக்காதவன், எதிர்த்துப் பேசாதவன் என்பதற்காகவே அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஊற்றுகிறவருக்கு உள்ள ஒரே முக்கியமான வேலை ‘போதும், இனி இல்லை’ என்று சொல்வது. அக்கா கட்டிக்கப்போகிறவரின் சிநேகிதர்களிடம், பெண் வீட்டுப் பையன், பதினேழு வயதில், அதைச் சொல்வானா? நீங்களே சம்பந்தியிடம் சொல்ல முடியாமல்தானே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்!

அந்த ‘போதும்’ எப்போது வர வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. டாஸ்மாக் பிராந்தி, விஸ்கி 42.8 சதவீதம். 180 மில்லி குவாட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆளின் ஈரல் மணிக்கு 7, 8 கிராம்தான் எரிக்கும். வெறும் வயிற்றில் 60 மில்லி லார்ஜ் ஒன்று போனாலே, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வாகனச் சட்ட வரம்பு தாண்டிவிடலாம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில் இரண்டு லார்ஜுக்குச் சமம். ‘பீர்தானே’ என்று சொல்பவர்தான் முதலில் சாய்வார். பத்து மணிக்கு ஆரம்பித்து ஒன்றரைக் குவாட்டர் போட்டவர், காலை ஆறு மணி முகூர்த்தத்துக்குக் குளித்துப் பட்டு வேட்டி கட்டி வந்தாலும் வரம்புக்கு மேல்தான் இருப்பார். மோரும் எலுமிச்சம்பழமும் கட்டங்காப்பியும் அந்தக் கணக்கை மாற்றாது. அவர் கையில்தான் பெண் அழைப்புக் கார் சாவி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? சிக்கினால் அவருக்கு முதல் தடவையே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குடித்திருப்பது தெரிந்தும் ஓட்டத் தூண்டியவருக்கு 188-வது பிரிவில் அதே தண்டனை. கார் உங்களுடையது என்றால் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கைவிரிக்கும். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம்.

மண்டபத்துக்குள் பேச்சே வேண்டாம். 2023-ல் மது பரிமாறத் திருமண மண்டபங்களுக்கும் சிறப்பு உரிமம் என்று அரசு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களை எடுத்துவிட்டது. தோப்பு வீட்டிலும், தனி நபர் வைத்துக்கொள்ள அளவு வரம்பு உண்டு. இருபது பேருக்கான சரக்கை ஒரே ஆள் பெயரில் குவித்துவிட்டு ‘சொந்த உபயோகம்’ என்றால் எடுபடாது. வருகிறவர்களில், தமிழ்நாட்டில் குடிக்க வேண்டிய வயதான 21 நிறையாதவர் யார் என்பதையும் கேட்டு வையுங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், வந்த சனத்துக்கு இலை போட்டுச் சோறு போடுவது பெண்ணைப் பெற்றவர் கடமை. சரக்கு வாங்கித் தருவது எந்தச் சீர்வரிசையிலும் இல்லை. ‘எங்கள் பக்கம் அது இல்லை, தம்பிமார் ஊருக்குப் போய் வைத்துக்கொள்ளட்டும்’ என்று சம்பந்தியிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் சொன்னால் பேச்சு வளரும். கடிதத்தில் உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. போவதற்கு முன் அவளைக் கேளுங்கள்.

அவ்வளவு சொல்லியும் நடத்தித்தான் தீர வேண்டும் என்றால், ஊற்றுகிறவர் மாப்பிள்ளையின் தாய்மாமனாக இருக்கட்டும். அவர் குடிக்கக் கூடாது. அவர் அதட்டினால் அந்தப் பையன்கள் அடங்குவார்கள். உள்ளே வரும்போதே சாவிகளை வாங்கி அவரிடம் கொடுங்கள். முதலில் சாப்பாடு: முட்டை, கறி, சோறு. மிக்சரும் ஊறுகாயும் தாகத்தைக் கிளப்பி இன்னும் குடிக்க வைக்கும். 30 மில்லி அளவுக் கிண்ணத்தில் அளந்துதான் ஊற்ற வேண்டும், பாட்டிலை மேஜையில் வைக்கக் கூடாது. பத்து மணிக்கு நிறுத்துங்கள். லாட்ஜுக்குச் சம்பள டிரைவரோடு ஒரு வேன், இல்லாவிட்டால் தோப்பிலேயே பாய் விரியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர் யார் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை இறங்கி உளறுவதும் போதையில் உளறுவதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

சாய்ந்துவிட்டவரை மல்லாக்கப் படுக்கவிடாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். கிள்ளியும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் கீழே போகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 108. கல்யாண வீட்டு வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்தால் மானம் போகும் என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.