தீங்கெல்லாம் ‘தீங்கியல்’ ஆகுமா?

கேள்வி: பக்கத்து வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியின் கசிவால் எங்கள் கிணற்று நீர் பாழாகிவிட்டது. ‘தீங்கியல் வழக்குப் போடலாம்’ என்கிறார் வக்கீல். இச்சொல்லின் பொருள் என்ன? நமக்கு நேரும் தீங்கெல்லாம் இதில் அடங்குமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஆங்கிலத்தில் ‘டார்ட்’ எனப்படுவதையே நம் சட்ட நூல்கள் ‘தீங்கியல்’ என்கின்றன. ‘முறுக்கியது, கோணலானது’ என்று பொருள்படும் லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்து ‘டார்ட்’ ஆயிற்று. நாமும் கோணலைக் குறிக்கும் ‘வக்கிரம்’ என்ற சொல்லைக் கெட்ட எண்ணத்துக்கு வழங்குகிறோம் அல்லவா! ஒப்பந்த மீறலாகவோ பொறுப்பாட்சி (டிரஸ்ட்) மீறலாகவோ மட்டும் அமையாத உரிமையியல் (சிவில்) தவறு என்று, வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடுவை வகுக்கும் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இதற்கு விளக்கம் தருகிறது. குற்ற வழக்கில் அரசு தண்டனை கோரும். இதில் பாதிக்கப்பட்டவரே உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடோ தடையாணையோ கோருவார். அவதூறு போன்ற சில செயல்கள் இரு வகையிலும் வழக்குக்கு உரியவை.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்குக் காரணமே இந்தத் தமிழ்ச் சொல்தான் என்பேன். சட்டம் முதலில் பார்ப்பது தீங்கை அன்று, உரிமையை. 1410-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ஒருவர் போட்டிப் பள்ளி தொடங்கியதால், பழைய பள்ளியின் ஆசிரியர்கள் 40 பென்ஸ் கட்டணத்தை 12 பென்ஸாகக் குறைக்க நேர்ந்தது. நட்டம் உண்மையே என்றாலும், போட்டியின்றித் தொழில் நடத்தும் உரிமை அவர்களுக்கு இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. இதற்கு நேர்மாறானது 1703-ஆம் ஆண்டின் ஆஷ்பி வழக்கு. ஆஷ்பி என்ற வாக்காளர் வாக்களிக்க விடாமல் தடுக்கப்பட்டார்; ஆனால் அவர் ஆதரித்த வேட்பாளர்களே வென்றுவிட்டனர். ஆயினும் உரிமை மீறப்பட்டதே போதுமென்று இழப்பீடு கிடைத்தது.

உங்கள் கிணற்றைப் பொறுத்தவரை உரிமையும் உண்டு, தீங்கும் உண்டு. இது, ஒருவர் தம் இடத்தை அனுபவிப்பதற்கு அடுத்தவர் இடைஞ்சல் செய்யும் ‘தனியார் இடையூறு’ என்னும் வகையைச் சேரும். கசிவு நீடிப்பதால், காலவரையறைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி அது தொடரும் தவறாகும். அது நீடிக்கும் ஒவ்வொரு கணமும் காலவரையறை புதிதாகத் தொடங்குவதால், காலம் கடந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை பெற்றுக்கொண்டு, இழப்பீட்டோடு கசிவை நிறுத்தும் ஆணையையும் சேர்த்துக் கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.