சிவப்பு ஒளியை எவ்வளவு கூட்டினாலும் அணுவிலிருந்து எலக்ட்ரான் வெளிவராதது ஏன்?

மங்கலான புற ஊதா ஒளி எலக்ட்ரானை வெளியேற்றும்போது, அதைவிடப் பல மடங்கு பிரகாசமான சிவப்பு ஒளியால் அது ஏன் முடியவில்லை என்று ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கேட்டிருக்கிறார். மன்னார்குடிப் பகுதிப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்தும் நான், அந்தப் பாடத்தில் எழக்கூடிய கேள்விகளிலேயே இதைத்தான் மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன்.

எங்கள் மாணவர்களின் மனத்தில் இயல்பாக எழுவது வாய்க்கால் பாசனம். மடையில் தண்ணீர் மெல்லப் பாய்ந்தாலும் நேரம் கொடுத்தால் வயல் நிரம்பி வரப்பைத் தாண்டிவிடும். ஒளியும் அவ்வாறே சிறுகச் சிறுகச் சேர்ந்து ஒரு கட்டத்தில் எலக்ட்ரானை வெளியே தள்ளும் என்று எண்ணுகிறார்கள். ஒளியை அலையாக மட்டுமே கொண்டால் அந்த எதிர்பார்ப்பு நியாயமானதே. ஆனால் 1902இல் ஜெர்மன் இயற்பியலாளர் லெனார்டு செய்த சோதனைகளில், உலோகத்திலிருந்து வெளிவந்த எலக்ட்ரான்களின் பெரும ஆற்றல் ஒளிச்செறிவைப் பொறுத்து மாறவில்லை. செறிவு கூடியபோது அவற்றின் எண்ணிக்கை மட்டுமே கூடியது. ஒளியின் ஆற்றல் ஃபோட்டான்கள் என்னும் சிப்பங்களாகவே வருகிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் இதை விளக்கினார். எலக்ட்ரான் ஒரு ஃபோட்டானை முழுதாக ஏற்கும், அல்லது ஏற்காது. பாதியை வாங்கி வைத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருக்க அதற்கு வழியில்லை.

சோடியம் அணுவை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானைப் பிரிக்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும்; ஆகவே 241 நானோமீட்டருக்கு மேற்படாத அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரே இதைச் செய்ய இயலும். அலைநீளம் அதைவிடக் குறைந்தால், மிஞ்சும் ஆற்றல் வெளியேறும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றலாகிவிடும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஃபோட்டானிடம் இருப்பதோ 1.9 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. இடைப்பட்ட எந்த ஆற்றல் மட்டத்துக்கும் அது பொருந்தாததால் தரைநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், உள்ள அணு அதை உறிஞ்சுவதே இல்லை. 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி சரியாகப் பொருந்துகிறது. எலக்ட்ரான் அடுத்த மட்டத்துக்கு ஏறி, சுமார் 16 நானோவினாடியில் அதே மஞ்சள் ஒளியை உமிழ்ந்து இறங்கிவிடுகிறது.

அந்த 16 நானோவினாடிக்குள் 408 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள இன்னொரு ஃபோட்டான் வந்து சேர்ந்தால் எலக்ட்ரான் விடுபட்டுவிடும். சாதாரண விளக்கொளியில் இது மிக அரிது; லேசரில் நடக்கிறது. எனவே ‘எவ்வளவு கூட்டினாலும்’ என்ற சொற்றொடர் விளக்குகளுக்குப் பொருந்தும், மிகச் செறிந்த லேசர்களுக்குப் பொருந்தாது. திண்ம சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் (உலோகப் பரப்பிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட்தான் என்பதையும் தனி அணுவின் அயனியாக்க ஆற்றலையும் (மேலே கண்ட 5.14) தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டாம்; உலோகத்தில் அந்த எலக்ட்ரான் ஓர் அணுவுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை.

இந்தப் பாடத்தில் நான் மிகவும் விரும்பும் எடுத்துக்காட்டு, நம் வயல்களில் விழும் வெயிலைப் பற்றியது. சூரியனின் புலப்படும் பரப்பில் ஹைட்ரஜனே மிகுதி. ஆனால் தரைநிலை ஹைட்ரஜன் அணுவை அயனியாக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படுவதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதனால் அவ்வாறு உறிஞ்ச முடியாது. அப்படியானால் அந்த அடுக்கு ஏன் ஒளிபுகாததாக இருக்கிறது? சில ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதலாக ஓர் எலக்ட்ரானைப் பிடித்து எதிர் அயனியாகின்றன என்று 1939இல் வானியலாளர் ரூப்பர்ட் வில்ட் சுட்டிக்காட்டினார். அந்த இரண்டாம் எலக்ட்ரானின் பிணைப்பு ஆற்றல் வெறும் 0.75 எலக்ட்ரான் வோல்ட். சிவப்பு ஒளி மட்டுமல்ல, அகச்சிவப்பின் ஒரு பகுதிகூட அதை விடுவித்துவிடும். கோடி அணுக்களில் ஒன்றாவது அப்படி இருக்குமா என்னும் அளவுக்கு அந்த அயனி அரிது, ஆயினும் அவ்வடுக்கில் ஒளியைத் தடுக்கும் முதன்மைப் பொருள் அதுவே. அது எந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சும் என்பதை 1940களில் விரிவாகக் கணக்கிட்டவர், தஞ்சை மாவட்டத்தில் வேர்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். விடுபட்ட எலக்ட்ரான்கள் வெவ்வேறு வேகங்களுடன் திரிந்து, மீண்டும் ஹைட்ரஜன் அணுக்களோடு சேரும்போது வெவ்வேறு ஆற்றலுள்ள ஃபோட்டான்களை உமிழ்கின்றன. அதனால்தான் சூரிய ஒளி சில தனித்த நிறக்கோடுகளாக அன்றி, தொடர் நிறமாலையாக நம்மை வந்தடைகிறது.